‘மெஷின் பொய் சொல்லாது’ என்பவர்களுக்கு

அரூரில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் வாதாடிப் பாருங்கள். “மெஷின்ல வந்திருக்குதுங்க, அப்புறம் என்ன?” என்று ஒரே வாக்கியத்தில் வாதத்தை முடித்துவிடுவார். மருத்துவர் சொன்னதைச் சந்தேகிப்பவர்கள் இங்கே உண்டு. மருந்துக் கடைக்காரர் கொடுத்ததைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. அச்சாகி வந்த எண்ணைச் சந்தேகிப்பவர்தான் இல்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5.12 என்று போட்டு, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’ என்று இருந்தால் போதும். அந்த நிமிடத்திலிருந்து அவர் தைராய்டு நோயாளி. வீட்டில் முட்டைக்கோஸ் வாங்குவது நிற்கிறது. பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சில் அந்தத் தாளை ஒளித்து வைக்கிறார்கள். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். அந்த எண்ணை எந்த மெஷினும் ரத்தத்துக்குள் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னது. பெரும்பாலும் அது நல்ல கணக்குத்தான். ஆனால் கணக்கில் வந்த விடைக்கு ‘ஏறத்தாழ இவ்வளவு, இத்தனை முன்பின்’ என்று ஒரு வால் உண்டு. அந்த வாலை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் அச்சிட்டுத் தருகிறார்கள். வெட்டியது தெரியாமல் நாமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. சந்தேகத்துக்காக இரண்டாவது லேபுக்குப் போகிறார்கள். அங்கே வேறு எண் வருகிறது. “அந்த லேப்ல அஞ்சரை, இந்த லேப்ல நாலேகால். எவனோ ஒருத்தன் சும்மா எழுதித் தர்றான்” என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு கிளம்புகிறது. கும்பிடுகிறவரும் திட்டுகிறவரும் எதிரெதிர் ஆட்கள்போலத் தெரிகிறார்கள். இருவர் நம்புவதும் ஒன்றையேதான்: ரத்தத்தில் ஒரே ஒரு சரியான எண் எழுதி வைத்திருக்கிறது, நல்ல மெஷின் அதைப் படித்துச் சொல்லிவிடும். முதலாமவர் மெஷினைத் தெய்வம் என்கிறார். இரண்டாமவர் இரண்டில் ஒன்று திருட்டு மெஷின் என்கிறார்.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்து விவசாயி எண்களை எளிதில் நம்புகிற ஆள் இல்லை. மரவள்ளி லோடு சேகோ ஆலைக்குப் போனால், கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். லோடின் எந்தப் பகுதியிலிருந்து கிழங்கு எடுத்தீர்கள், எப்படி எடை போட்டீர்கள், தராசு சரியா என்று அவர் மல்லுக்கு நிற்பார். கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் சர்க்கரைக் கட்டுமானத்தில் கால் சதவீதத்தைக்கூட விட்டுத்தர மாட்டார். எண் எப்படி வந்தது என்று கேட்பது தன் உரிமை என்பது அவருக்குத் தெரியும். தன் கிழங்குக்கும் கரும்புக்கும் கேட்கிற கேள்வியைத் தன் ரத்தத்துக்குக் கேட்பதில்லை என்பதுதான் குறை. அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம்.

தைராய்டு, வைட்டமின் டி, ஃபெரிட்டின், புரோலாக்டின், கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி., மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்று நாம் தினமும் கேள்விப்படும் பல சோதனைகள் ஒரே குடும்பம். இம்யூனோஅஸ்ஸே என்பது குடும்பப் பெயர்; எலிசா அதில் ஒரு கிளை. தேடும் பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்து அந்தப் பொருளை வலைவீசிப் பிடிப்பதுதான் இவற்றின் வேலை. டி.எஸ்.எச். சோதனையில் ஒரு ஆன்டிபாடி ஹார்மோனைக் கீழே பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது ஆன்டிபாடி, நிறமோ ஒளியோ தரும் ஒரு அடையாளத்தைச் சுமந்துகொண்டு மேலே வந்து ஒட்டுகிறது. ஒட்டாததைக் கழுவிவிட்டால், எவ்வளவு ஹார்மோன் இருந்ததோ அதற்கேற்ப ஒளி வருகிறது. மெஷின் பார்ப்பது இந்த ஒளியை மட்டும். ஹார்மோனை அது கண்ணாலும் கண்டதில்லை.

ஒளியைப் பார்த்து 5.12 என்று எப்படிச் சொல்வது? அளவு தெரிந்த சில கரைசல்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவற்றை ஸ்டாண்டர்டு என்பார்கள், கேலிபிரேட்டர் என்றும் சொல்வார்கள். இத்தனை அளவுக்கு இத்தனை ஒளி என்று புள்ளிகள் வைத்து, அவற்றின் ஊடாக ஒரு வளைவு வரைய வேண்டும். பிறகு உங்கள் ரத்தம் தந்த ஒளியை அந்த வளைவில் வைத்து, கீழே எந்த அளவுக்கு நேராக வருகிறது என்று திருப்பிப் படிக்க வேண்டும். ஆக, உங்கள் எண் என்பது தெரிந்ததோடு தெரியாததை ஒப்பிட்டுச் சொன்ன ஒரு மதிப்பீடு. பெரிய தானியங்கி மெஷின்கள் பலவற்றில் இந்த வளைவை லேப்காரர் வரைவதுகூட இல்லை. தயாரித்த கம்பெனி வரைந்த மூல வளைவு ரீஏஜென்ட் பெட்டியின் பார்கோடில் வருகிறது. லேப் ஓரிரு கேலிபிரேட்டர்களை ஓட்டி அதைத் தன் மெஷினுக்கு ஏற்பச் சற்று நகர்த்திக்கொள்கிறது. தீர்த்தமலைக்காரர் ஒருவரின் தைராய்டு எண், எங்கோ ஒரு நாட்டுத் தொழிற்சாலையில் வரைந்த கோட்டின் மேல் நிற்கிறது.

அந்தக் கோடு நேர்கோடாக இருந்தால் தொல்லை குறைவு. அது அப்படி இருப்பதில்லை. அளவை லாக் அளவுகோலில் வைத்து வரைந்தால் படுத்துக்கிடந்து, எழுந்து, மறுபடி படுத்துக்கொள்கிறது. கீழே தட்டை, நடுவில் செங்குத்து, மேலே மீண்டும் தட்டை. இதற்கு நான்கு எண்களால் ஆன ஒரு சமன்பாடு போடுகிறார்கள்: ஒளி எந்தத் தரையிலிருந்து தொடங்குகிறது, எந்தக் கூரையில் முட்டுகிறது, பாதி ஏறும் இடம் எது, ஏற்றம் எவ்வளவு செங்குத்து. 1970களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் ராட்பார்டும் அவருடைய சகாக்களும் பரவலாக்கிய இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் ஓடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரை 0.05, கூரை 3.00, பாதி ஏறும் இடம் 10 யூனிட், ஏற்றத்துக்கான எண் 1 என்று வைத்துக்கொள்வோம். ஒளி 1.50 என்று வந்தால் விடை 9.67 யூனிட். 1.55 என்று வந்தால் 10.34. ஒளியில் 0.05 வித்தியாசம், விடையில் ஏறத்தாழ 7 சதவீதம்; பரவாயில்லை. இப்போது வளைவின் உச்சிக்குப் போவோம். ஒளி 2.85 என்றால் விடை 187. ஒளி 2.90 என்றால் 285. அதே 0.05 இங்கே கிட்டத்தட்ட 100 யூனிட்டைப் புரட்டிவிட்டது. அடிவாரத்தில் ஒளி 0.10-க்கு விடை 0.17, 0.15-க்கு 0.35. அதே 0.05 இங்கே விடையை இரட்டிப்பாக்கிவிட்டது. எலிசா பிளேட்டின் குழியில் விட்ட சாம்பிள் ஒரு துளி கூடக்குறைய இருந்தால், கழுவியது சரியில்லை என்றால், ஓரத்துக் குழிகள் நடுக்குழிகளைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் இந்த 0.05 வந்துவிடும். மூன்று இடத்திலும் மெஷின் ஒரே மாதிரி இரண்டு தசம இடத்தோடு விடையை அச்சிடும். எந்த இடத்து விடை உறுதியானது, எது ஆட்டம் கண்டது என்று தாளில் ஒரு குறிப்பும் இருக்காது. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும் என்று முடிவு செய்வது மென்பொருள். அந்த இலக்கங்களுக்கு அர்த்தம் உண்டா என்பது அதன் கவலை இல்லை.

வைட்டமின் டி, தைராய்டு சுரக்கும் டி4 போன்ற சிறு மூலக்கூறுகளில் கதை தலைகீழ். இரண்டு ஆன்டிபாடி ஒரே சமயத்தில் ஒட்ட இடம் போதாது. அதனால் ரத்தத்தில் உள்ளதையும் அடையாளம் பூசிய அதே பொருளையும் ஒரே இடத்துக்குப் போட்டியிட விடுகிறார்கள். ரத்தத்தில் அதிகம் இருந்தால் ஒளி குறையும். இப்படிப்பட்ட சோதனைகளில் ஒரு கம்பெனி மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் விடை கணிசமாக மாறுவது துறைக்காரர்கள் அனைவரும் அறிந்த சங்கதி. வைட்டமின் டி அளவீடுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவர 2010-ல் தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது.

எண் மேல் இருக்கும் இந்தப் பக்தி லேபுக்கு வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் எலிசா பிளேட்டை ஓட்டிவிட்டு எக்செல்லில் ஒரு நேர்கோடு போடுகிறார்கள். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.99 வந்துவிட்டால் கோடு சரி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள். அந்த 0.99 பெரிய அளவுகளைப் பார்த்துச் சொன்ன பாராட்டு. 100 யூனிட் ஸ்டாண்டர்டின் பக்கத்தில் கோடு போனால் அந்த எண் மகிழ்ந்துவிடும். 1 யூனிட் ஸ்டாண்டர்டு 3 என்று படித்தாலும் அதற்கு உறைக்காது. சரிபார்க்கும் வழி வேறு. ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் முகம் தெரியாத சாம்பிளாகப் பாவித்து, வரைந்த வளைவில் திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டும். மருந்து ஆய்வில் உலக ஒழுங்குமுறை அமைப்புகள் இதைத்தான் கேட்கின்றன: 100 என்று போட்டது 80-க்கும் 120-க்கும் நடுவில் திரும்பி வர வேண்டும், வளைவின் கடைக்கோடிகளில் 25 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். பல கோடி ரூபாய் மருந்து ஆய்வே 20 சதவீதம் முன்பின் என்று ஒப்புக்கொள்கிற அளவீட்டு முறையில்தான் நாம் 5.12-க்கும் 4.90-க்கும் நடுவே கோடு கிழித்து ஒருவரை நோயாளி, இன்னொருவரைச் சுகவாசி என்கிறோம்.

இனி, இரண்டு லேப் இரண்டு எண் தந்தால் ஒன்று திருட்டு என்ற குற்றச்சாட்டு. டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு உச்சத்துக்குப் போய், பிற்பகலில் இறங்கிவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு கொடுத்த ரத்தமும், வேலைக்குப் போய்விட்டு மாலையில் கொடுத்த ரத்தமும் ஒரே எண்ணைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நேரத்தில் எடுத்தாலும், ஆரோக்கியமான ஒருவருக்கே வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ 20 சதவீதம் மேலும் கீழும் ஆடுவது உடம்பின் இயல்பு. அதோடு மெஷினின் ஆட்டத்தையும் சேர்த்தால், முந்தைய எண்ணிலிருந்து 40, 50 சதவீதம் மாறினால்தான் ‘நிஜமாகவே ஏதோ மாறியிருக்கிறது’ என்று துணிந்து சொல்லலாம். ஐந்தரைக்கும் நாலேகாலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எல்லைக்குள் அடக்கம். இரண்டு லேபும் யோக்கியமாக வேலை பார்த்தே இந்த இரண்டு எண்ணும் வரலாம்.

“பஸ்ஸில ஏத்தி சேலம் அனுப்புறாங்க, வெயில்ல ரத்தம் கெட்டுப்போயிருக்கும்” என்றும் ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் நல்லதுதான், விழுந்த இடம்தான் தவறு. டி.எஸ்.எச். கெட்டியான பொருள், பிரித்த சீரத்தில் அது அவ்வளவு சீக்கிரம் சிதைவதில்லை. பயணத்தில் அடிபடுவது சர்க்கரை. பாதுகாப்பு மருந்து போடாத குழாயில், செல்களைப் பிரிக்காமல் வைத்திருந்தால், ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். ஏ.சி.டி.எச். போன்ற ஹார்மோனைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். எந்தச் சோதனைக்கு எந்தக் குழாய், எத்தனை மணிக்குள் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறவர் நல்ல வாடிக்கையாளர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நம்புகிறவரும் ஒரே மூச்சில் திட்டுகிறவரும் அந்தக் கேள்விக்கு வருவதே இல்லை.

அடுத்தது, அந்தத் தடித்த ‘எச்’. எண்ணைவிடக் கூடுதலாக ஆளைக் கலங்கடிப்பது அந்த ஒற்றை எழுத்துத்தான். அது எப்படி வருகிறது? ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைப் பார்த்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் எல்லையை ‘நார்மல்’ என்கிறார்கள். அப்படியானால் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள், வரையறையே அப்படி. இப்போது ஊருக்கு ஊர் பேனர் கட்டி விற்கும் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜுக்கு வாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரு நல்ல ஆரோக்கியசாலிக்குச் செய்தால், குறைந்தது ஒன்றிலாவது ‘எச்’ அல்லது ‘எல்’ விழும் வாய்ப்பு 64 சதவீதம். 60 சோதனை, 80 சோதனை என்று கூவி விற்கும்போது, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்தான் அதிசயம். அமெரிக்க என்டோகிரைன் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டலில், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி பார்ப்பதையே வேண்டாம் என்றது. பேக்கேஜ் பேனர்களில் அந்தச் செய்தி இன்னும் ஏறவில்லை.

எல்லைக்கோடு வானத்திலிருந்து வந்ததும் இல்லை. கர்ப்பிணியின் முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். 2.5-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2011-ல் சொன்னது. அதே சங்கம் 2017-ல், அந்தந்த மக்களுக்கான எல்லை கையில் இல்லையென்றால் சுமார் 4.0 வரை போகலாம் என்று கோட்டைத் தள்ளி வைத்தது. 3.2 இருந்த ஒரு கர்ப்பிணி 2016-ல் நோயாளி, 2018-ல் நல்ல ஆரோக்கியம். அவள் ரத்தம் மாறவில்லை, கோடு நகர்ந்தது. கோடு நகர்ந்ததில் தவறில்லை. அறிவு வளர்ந்தால் கோடு நகரத்தான் செய்யும். கோட்டைக் கல்வெட்டாக நினைத்தது நம் தவறு.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார்? கோட்டப்பட்டியிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள். 5-க்கும் 10-க்கும் இடையே ஒற்றை எண் வந்து, டி4 நார்மலாக இருந்து, உடம்பில் பெரிய தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கும் ஆயுள் சந்தா மாத்திரை தொடங்குகிறது. 65 வயதைத் தாண்டிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. இப்படிப்பட்ட லேசான ஏற்றத்துக்கு மாத்திரை கொடுத்ததில் சோர்வும் மற்ற அறிகுறிகளும் குறையவில்லை என்று அது சொன்னது. 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டல், பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்த நிலையில் மாத்திரை வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. கர்ப்பம் தரிக்க முயல்பவர்கள், டி.எஸ்.எச். 20-ஐத் தாண்டியவர்கள், கடுமையான அறிகுறி உள்ளவர்கள், இளவயதினர் சிலர் ஆகியோரை மட்டும் விலக்கி வைத்தது. தேவையில்லாமல் அளவுக்கு மீறிப் போன தைராய்டு மாத்திரை எலும்பைத் தேய்க்கும்; இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். ‘எதுக்கும் போட்டு வைப்போம்’ என்பது இங்கே பாதுகாப்பான வழி இல்லை.

மெஷின் பொய் சொல்லாது என்பவர்கள் அது ஏமாறும் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். முடி உதிர்கிறது என்று மருந்துக் கடையில் வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளுக்கு வேண்டியது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். முந்நூறு மடங்குக்கு மேல். பல மெஷின்களில் ஆன்டிபாடியைப் பிடித்து வைக்கும் பசையே பயோட்டினை வைத்துத்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், போட்டி முறையில் பார்க்கும் டி4 பொய்யாக ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் என்று அச்சாகும். ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்தால் மாரடைப்பே மறைந்துபோகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. தைராய்டு ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்துங்கள் என்பது பரிந்துரை. அரூரிலோ சேலத்திலோ ரத்தம் எடுக்கும் மேசையில் “முடிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று எத்தனை பேரிடம் கேட்கிறார்கள்?

சில நேரம் பொருள் அளவுக்கு மீறி இருந்தாலே மெஷின் தடுமாறும். புரோலாக்டின் லட்சக்கணக்கில் சுரக்கும் பெரிய பிட்யூட்டரி கட்டியில், இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடும், நடுவில் பாலம் அமையாது, ஒளி குறையும். விடை ‘கொஞ்சம் அதிகம்’ என்று மட்டும் வரும். சாம்பிளை நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

இதைவிடக் கொடுமையானது சியாட்டிலில் நடந்தது. 1998-ல் 22 வயதுப் பெண் ஒருவருக்கு எச்.சி.ஜி. சோதனை திரும்பத் திரும்ப ‘இருக்கிறது’ என்றே சொன்னது. கர்ப்பம் இல்லை; எனவே புற்றுநோய் என்று முடிவு செய்தார்கள். கீமோதெரபி கொடுத்தார்கள். கருப்பையை எடுத்தார்கள். நுரையீரலின் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். எண் இறங்கவே இல்லை. அவருக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை. அவருடைய ரத்தத்தில் இயல்பாக இருந்த வேறு ஆன்டிபாடி, ஹார்மோன் இல்லாமலேயே மெஷினின் இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் பாலம் போட்டிருந்தது. அந்த வகை ஆன்டிபாடி சிறுநீரில் இறங்காது. சிறுநீரில் பார்க்கும் சாதாரணச் சோதனையே உண்மையைச் சொல்லியிருக்கும். 2001-ல் நடுவர் குழு, மருத்துவமனையும் சோதனையைத் தயாரித்த கம்பெனியும் சேர்ந்து ஏறத்தாழ 1.6 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. திரும்பத் திரும்பச் செய்தார்கள், ஒரே விடை வந்தது, ஆகவே உண்மை என்று நம்பினார்கள். ஒரே பிழையை நாற்பது முறை செய்தாலும் அது பிழைதான்.

‘ஆம், இல்லை’ என்று கோடு காட்டும் கிட்டுகளுக்கும் இது பொருந்தும். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சீனாவிலிருந்து ரேபிட் ஆன்டிபாடி கிட்டுகள் வந்தபோது தமிழ்நாட்டில் நடந்த விவாதம் நினைவிருக்கும். சத்தீஸ்கர் ஒரு கிட்டை 337 ரூபாய்க்கு வாங்கியபோது தமிழ்நாடு ஏன் 600 ரூபாய் கொடுத்தது என்று கட்சிகள் மோதிக்கொண்டன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று இருந்தது: ஆன்டிபாடி உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்போது, இந்தக் கிட்டு தொற்றின் முதல் நாட்களில் யாரைக் கண்டுபிடிக்கும்? ஏப்ரல் 27 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்தக் கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னபோதும், ஊரில் பேச்சு விலையைப் பற்றியே நடந்தது. அளவீடு என்றால் அது சரியாகத்தான் இருக்கும், விலை மட்டும்தான் ஊழலுக்கு இடம் என்ற மனநிலை அது.

இம்யூனோஅஸ்ஸே முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு இப்படிக் கேள்வியில்லாமல் நம்பப்படும் சொகுசு கிடைக்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், இன்சுலினுக்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி உருவாகிறது என்று எழுதியபோது ஆய்விதழ்கள் நம்ப மறுத்தன. தலைப்பிலிருந்து ‘இன்சுலின் ஆன்டிபாடி’ என்பதை எடுத்த பிறகே 1956-ல் கட்டுரை வெளியானது. அந்த ஆன்டிபாடியையே கருவியாக்கி 1960-ல் ரத்தத்தில் இன்சுலினை அளந்து காட்டினார்கள். பெர்சன் 1972-ல் இறந்துவிட, 1977-ல் யாலோ நோபல் பரிசு வாங்கினார். ஒவ்வொரு படியிலும் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்த முறை இது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு விடையை மட்டும் வாங்கிக்கொண்டால், அறிவியலின் பெயரில் ஜாதகம் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

என்னிடம் இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: “இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும், நமக்கு எதுக்கு?” தெரிந்த மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள், ரிப்போர்ட்டை அவர்களிடம் கொண்டுபோவதற்கு முன்பே நம்மில் பலர் முடிவுக்கு வந்துவிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை. ரிப்போர்ட் இப்போது வாட்ஸாப்பில் வருகிறது. மருந்துக் கடையில் காட்டுகிறோம். துபாயில் இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறோம். மருத்துவர் முன்னால் உட்காரும்போது “எனக்குத் தைராய்டு இருக்கு சார்” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். நூறு பேர் வெளியே காத்திருக்கும்போது அந்த வாக்கியத்தை மறுத்துப் பேச அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ‘இன்னும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்’ என்று சொல்லும் மருத்துவரை, ‘மருந்தே எழுதலை’ என்று விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறவர்களும் நாம்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது: “இப்படி எழுதினால் ஜனங்கள் டெஸ்டையே நம்ப மாட்டார்கள், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.” கூடாது, இதைத் தெளிவாகவே சொல்கிறேன். டி.எஸ்.எச். 80 என்று வந்தால் அது 70-ஆ 90-ஆ என்ற ஆராய்ச்சிக்கே வேலை இல்லை, மாத்திரை வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தைராய்டு சுரக்கவில்லை என்பதைக் குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து அதன் மூளையைக் காப்பாற்றுவதும் இதே இம்யூனோஅஸ்ஸேதான். மாத்திரை சாப்பிடுகிறவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. முன்பின் எவ்வளவு என்று தெரிந்த எண்ணில்தான் நம்பிக்கை நிலைக்கும். அது தெரியாத எண், இரண்டாவது லேபில் வேறு விடை வந்த அன்றே நம்பிக்கையைத் தொலைத்துவிடுகிறது. டீக்கடையில் லேபைத் திட்டுகிறவர் என் கட்டுரையைப் படித்துவிட்டு நம்பிக்கை இழந்தவர் இல்லை. 5.12 என்று உறுதிமொழி கொடுத்து ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்.

என்ன செய்யலாம்? மருத்துவ லேபுகளுக்கான சர்வதேசத் தர விதி ஐ.எஸ்.ஓ. 15189. இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இதை வைத்துத்தான் தருகிறார்கள். ஒவ்வொரு அளவீட்டின் முன்பின் எவ்வளவு என்று லேப் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும் என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. ஆக, அங்கீகாரம் பெற்ற லேபில் இந்த எண் தயாராக இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை. நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி., இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து லேபுகளுக்கான வெளித் தரச் சோதனைத் திட்டத்தை நடத்துகிறது. ஒரே சாம்பிளை நாடு முழுக்க லேபுகளுக்கு அனுப்பி, யார் விடை கூட்டத்தோடு நிற்கிறது, யாருடையது விலகிப் போகிறது என்று ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். “நீங்கள் இதில் சேர்ந்திருக்கிறீர்களா?” என்று லேபில் கேட்கலாம். மரவள்ளி பாயிண்டுக்குச் சண்டை போடுகிற குரலில் கேட்க வேண்டியதுகூட இல்லை, சாதாரணமாகவே கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் நான்கு விஷயம் கூடுதலாக அச்சாக வேண்டும். ரத்தம் எடுத்த நேரம். எந்த மெஷின், எந்த முறை. எண்ணுக்குப் பக்கத்தில் அதன் முன்பின். எல்லைக்கோட்டை ஒட்டிய விடைகளுக்கு ‘எச்’ என்ற முத்திரைக்குப் பதில் ‘மறுபடி பார்க்கவும்’ என்ற வரி. இதற்குப் புது மெஷின் வேண்டாம். மென்பொருளில் நான்கு வரி போதும். நம் பங்குக்கு மூன்று பழக்கம் போதும்: தைராய்டை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் பார்ப்பது, சாப்பிடும் மாத்திரைகளை, முடிக்கான மாத்திரை உட்பட, ரத்தம் எடுப்பவரிடம் சொல்வது, எல்லையை ஒட்டி வந்த ஒற்றை எண்ணுக்கு ஆயுள் மாத்திரை தொடங்கும் முன் இன்னொரு முறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது.

முன்பின் இல்லாத எண் பாதி ரிப்போர்ட். மீதிப் பாதி லேபின் கோப்பில் கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். கேட்டு வாங்குவோம்.